சானடோரியத்தில் பிறந்த மருந்து: மனச்சோர்வு மாத்திரையைப் பாதுகாப்பாக உட்கொள்ளுதல்

ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள இடத்தைப் பெருந்துறை வட்டார மக்கள் இன்றும் சானடோரியம் என்றே குறிப்பிடுகிறார்கள். அஞ்சல் முகவரியிலும் பெருந்துறை சானடோரியம் என்ற பெயரே நிலைத்திருக்கிறது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலத்தில், நோயாளிகளை ஊரிலிருந்து விலக்கி வைத்து, நல்ல காற்றும் வெயிலும் ஓய்வும் சத்தான உணவும் தந்து மாதக்கணக்கில் பராமரித்த மருத்துவ இல்லங்களுக்கு அப்பெயர் வழங்கியது. அவ்வாறு காசநோயாளிகளுக்காக ஏற்பட்ட வளாகம் பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. நெஞ்சக நோய்ப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே கல்லூரியில் இயங்குவது வழக்கமான ஏற்பாடுதான் என்றாலும், அவ்விரண்டுக்கும் இடையே பலரும் அறியாத வரலாற்று உறவு ஒன்று உண்டு. மனச்சோர்வுக்கு உலகில் முதன்முதலாகப் பயன்பட்ட மருந்துகளில் ஒன்று ஒரு காசநோய் இல்லத்தின் படுக்கைகளுக்கு நடுவேதான் அடையாளம் காணப்பட்டது. அந்த வரலாறு தரும் பாடங்கள் இன்று மனச்சோர்வு மாத்திரை உட்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் பயன்படக்கூடியவை.

காசநோய் இல்லத்தில் கிடைத்த மருந்து

1952ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில், இர்விங் செலிகாஃப், எட்வர்ட் ராபிட்செக் ஆகிய மருத்துவர்கள் ஐசோனியாசிட், இப்ரோனியாசிட் என்ற இரண்டு புதிய மருந்துகளைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். இப்ரோனியாசிட் உட்கொண்டவர்களிடம் நோய் தணிந்ததோடு எதிர்பாராத வேறொரு மாற்றமும் தென்பட்டது. நெடுங்காலமாகச் சோர்ந்து படுத்திருந்தவர்களுக்குப் பசி எடுத்தது. உறக்கமும் பேச்சும் உற்சாகமும் திரும்பின. மூளையில் செரட்டோனின், நாரட்ரினலின் முதலிய வேதித்தூதுப் பொருட்களைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை, அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதத்தை, இம்மருந்து தடுக்கிறது என்பதை அதே ஆண்டில் ஆல்பர்ட் செல்லர் கண்டறிந்தார். 1957இல் நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் இதனை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக அறிவித்தார். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் இமிப்ரமின் என்ற வேறு வகை மருந்தின் பயனை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இப்ரோனியாசிட் சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியதால் 1961இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிற மருந்துகளை உட்கொண்டவர்களில் சிலருக்குத் திடீரென இரத்த அழுத்தம் உச்சத்துக்கு ஏறியதன் காரணத்தை 1963இல் பாரி பிளாக்வெல் என்ற மருத்துவர் வெளிப்படுத்தினார். நாள்பட்ட பாலாடைக்கட்டியில் மிகுந்துள்ள டைரமின் என்ற பொருளை உடல் சிதைக்க முடியாதபடி மருந்து தடுத்துவிட்டதே அதற்குக் காரணமாக இருந்தது. ஒரு மாத்திரையின் தீங்கு அதனோடு சேர்ந்து உடலுக்குள் போகும் வேறொரு பொருளாலும் விளையக்கூடும் என்ற உண்மை, இவ்வகை மருந்துகளின் வரலாற்றில் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது.

இரண்டாவது பாடம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், சானடோரியத்தில் தங்கி மருந்து உண்டவர்களையும் வீட்டிலிருந்தபடியே உண்டவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே அளவு பலன் தருகிறது என்று 1959இல் நிறுவியது. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. ஆனால் நோயாளி வீட்டுக்குத் திரும்பியபோது, மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ளும் பொறுப்பும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. உடல் தேறியதாகத் தோன்றியவுடன் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்குக் காசநோய் மீண்டும் வந்தது. மனச்சோர்வு மருத்துவத்தில் இன்றும் மிகுதியாக நிகழும் தவறு இதுவே.

மாத்திரை மூளைக்குள் செய்யும் வேலை

இன்று பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் எழுதித் தருபவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்று சுருக்கி அழைக்கப்படும் வகையைச் சேர்ந்த மருந்துகள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின், பராக்செட்டின் ஆகியவை இதில் அடங்கும். ஒரு நரம்பணு தன் செய்தியை அடுத்த நரம்பணுவுக்குத் தெரிவிக்கும்போது செரட்டோனினை இடைவெளியில் வெளியிட்டு, வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்கிறது. அவ்வாறு உள்ளிழுக்கும் புரதத்தை இம்மருந்துகள் அடைத்துவிடுவதால் செரட்டோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது. மனச்சோர்வு என்பது செரட்டோனின் குறைபாடு மட்டுமே என்ற எளிய விளக்கத்தைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் மருந்துகள் பலன் தருகின்றன என்பதற்குச் சான்று உண்டு. 2018இல் லான்செட் இதழில் ஆண்ட்ரியா சிப்ரியானி குழுவினர் 522 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 1,16,477 பேரின் தரவுகளையும் தொகுத்து ஆராய்ந்து, ஒப்பிடப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன என்றும், அந்தக் கூடுதல் பலன் சராசரியில் மிதமானதே என்றும் காட்டினர்.

மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே புரதம் அடைபட்டுவிடுகிறது. ஆனால் மனநிலை தெளிய பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்களும் ஆகின்றன. கீழ்பவானி வாய்க்காலில் மதகு திறந்ததும் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டாலும் பயிர் தழைப்பதற்கு வாரங்கள் பிடிப்பதுபோல, செரட்டோனின் மிகுந்த பின்னரே நரம்பணுக்கள் தம் இணைப்புகளையும் ஏற்பிகளையும் மெல்ல மெல்லத் திருத்திக்கொள்கின்றன என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். பத்து நாள் உட்கொண்டும் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிடுபவர், பலன் தொடங்கும் முன்பே விலகிவிடுகிறார்.

தொடங்குவதற்கு முன் மருத்துவர் அறிய வேண்டியவை

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் 20 பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு முறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று கணித்தது. ஆனால் சோர்வாக இருக்கும் எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவைப்படுவதில்லை. இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் களைப்பையும் மந்தத்தையும் தரும் என்பதால் அவற்றை முதலில் சோதித்து அறிவது நல்லது. மிதமான மனச்சோர்வுக்கு உளவியல் ஆலோசனையே போதுமானதாகவும் அமையலாம்.

மருத்துவர் கேட்க மறந்தாலும் நோயாளி தாமாகச் சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு. முன்பு எப்போதாவது பல நாட்கள் உறக்கமே வேண்டாத அளவுக்கு ஊக்கம் பொங்கி, இடைவிடாமல் பேசி, கையிலிருந்த பணத்தையெல்லாம் செலவழித்த காலம் இருந்திருக்குமானால் அது முதன்மையான செய்தி. அத்தகையவருக்கு வந்திருப்பது உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கக்கூடும். மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அது மீண்டும் மட்டுமீறிய கிளர்ச்சியைத் தூண்டிவிடும் அபாயம் உண்டு. வலிப்பு, இதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு, கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, கருத்தரிப்பு, பாலூட்டல், மதுப் பழக்கம் ஆகியவற்றையும் மறைக்காமல் கூற வேண்டும். கருவுற்ற செய்தி தெரிந்தவுடன் அஞ்சி மாத்திரையைத் தூக்கி எறிவதும் தவறு. தாயின் நோய் திரும்புவதால் வரும் கேட்டையும் மருந்தால் வரக்கூடிய கேட்டையும் எடைபோட்டு, எந்த மருந்தைத் தொடர்வது என்பதை மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால் பாலூட்டும் தாய்மார்க்குப் பெரும்பாலும் அதுவே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

முதல் வாரங்கள்

பெரும்பாலான மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குப் பின் அளவைக் கூட்டுகிறார்கள். இந்தக் காலத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு, உறக்கக் குறைவு அல்லது மிகை உறக்கம் ஆகியவை தோன்றலாம். உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். உறக்கம் கெடுமானால் காலையிலும், உறக்கம் மிகுந்தால் இரவிலும் உட்கொள்ளும்படி மருத்துவர் நேரத்தை மாற்றித் தருவார். பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர்கள் தம் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்லி, எந்த ஷிஃப்டிலும் மாறாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. மாத்திரை தம்மை எவ்வாறு பாதிக்கிறது என்பது தெளியும் வரை இருசக்கர வாகனம், டிராக்டர், சாயப்பட்டறை இயந்திரம் போன்றவற்றை இயக்காமலிருப்பது பாதுகாப்பானது.

தொடக்கத் தொந்தரவுகள் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணிந்துவிடும். தணியாமல் தொடரக்கூடியவற்றில் பாலுறவு நாட்டக் குறைவும் உச்சநிலை தாமதமும் முக்கியமானவை. கணவன் மனைவிக்குள்ளேயே பேசப்படாத இந்தச் செய்தியை மருத்துவரிடம் சொல்லக் கூசி, ஓசைப்படாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு. அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

முதல் வாரங்களில் குடும்பத்தினர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தற்கொலை எண்ணம் சற்று மிகுவதைக் கண்ட அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004இல் இம்மருந்துகளின் விவரக்குறிப்புகளில் கடும் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது; 2007இல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. எந்த வயதினராயினும், இருப்புக்கொள்ளாத தவிப்போ, திடீர் எரிச்சலோ, வாழ்வை முடித்துக்கொள்ளும் பேச்சோ தென்பட்டால் அடுத்த மாதச் சந்திப்பு வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்துகளையும் பூட்டி, சாவியைப் பொறுப்பான வேறொருவர் வைத்திருப்பது உயிர்காக்கும் எளிய செயல். 2022 அக்டோபர் 10 அன்று இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

மற்ற மாத்திரைகளோடு சேரும்போது

மனச்சோர்வு மாத்திரை தனித்து விளைவிக்கும் தீங்கைவிட, பிற மருந்துகளோடு கூடும்போது விளையும் தீங்கே கவனத்துக்குரியது. கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில், பிள்ளைகள் வெளியூரில் வேலை செய்ய, முதியவர்கள் தனித்து வாழும் வீடுகள் பல உள்ளன. அத்தகைய ஒரு வீட்டின் மாத்திரை டப்பாவில் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மருத்துவர் எழுதியதும், சர்க்கரை நோய்க்கும் கால் எரிச்சலுக்கும் இன்னொருவர் எழுதியதும், மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதும் கலந்து கிடக்கும். அவற்றோடு எஸ்சிடலோபிராம் சேரும்போது ஒவ்வொன்றும் புதிய பொருள் பெறுகிறது.

இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகியவை சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றுபவை. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளோ உடலில் நீரைத் தேக்கி இரத்தத்தின் சோடிய அளவைக் குறைக்கக்கூடியவை. இரண்டும் கூடும்போது, அதிலும் வயது முதிர்ந்த பெண்களுக்கு, முதல் சில வாரங்களில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, கீழே விழுதல், மிகையான உறக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றை வயதானதால் வரும் தடுமாற்றம் என்று விட்டுவிடாமல், இரத்தச் சோடியத்தை அளந்து பார்க்க வேண்டும். அதற்கான சோதனை எளியது.

மூட்டு வலிக்கு உட்கொள்ளும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குபவை. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தம் வேலைக்குச் செரட்டோனினைச் சேமித்து வைத்திருக்கின்றன. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் அந்தச் சேமிப்பையும் குறைப்பதால், புண்ணிலிருந்து குருதி கசியும் வாய்ப்பு பெருகுகிறது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் உட்கொள்ளும் இதய நோயாளிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கரிய நிறத்தில் மலம் கழிந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

கால் எரிச்சலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் 10 மில்லிகிராம் அளவில் தரப்படும் அமிட்ரிப்டிலின், தன்னளவில் பழைய தலைமுறையைச் சேர்ந்த ஒரு மனச்சோர்வு மருந்தே. நரம்பு மாத்திரை என்ற பெயரில் அதை உண்டுவரும் ஒருவருக்கு, அதை அறியாத வேறொரு மருத்துவர் ஃபுளுவாக்செட்டினையோ பராக்செட்டினையோ எழுதினால், அமிட்ரிப்டிலினைச் சிதைக்கும் கல்லீரல் நொதி தடைபட்டு அதன் அளவு இரத்தத்தில் ஏறும். வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை தொடரலாம். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்தான மருந்து இது என்பதால், மாதக்கணக்கில் வாங்கிச் சேமித்து வைப்பதும் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் உட்கொள்ளும் பெண்களிடம், அதே நொதியைத் தடுக்கும் பராக்செட்டின் அந்த மருந்தின் பலனையே குறைத்துவிடக்கூடும். சிடலோபிராம், எஸ்சிடலோபிராம் ஆகியவை அளவு கூடும்போது இதயத்தின் மின்னோட்ட இடைவெளியை நீட்டக்கூடியவை என்பதால், முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து அளவை வரையறுப்பது வழக்கம்.

செரட்டோனின் மிகைக் குறி என்ற நிலை அரிதானது, ஆனால் கடுமையானது. செரட்டோனினைப் பெருக்கும் இரண்டு மருந்துகள் ஒன்றுசேரும்போது, பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ளாகவே நடுக்கம், வியர்வை, தசைத் துடிப்பு, வயிற்றுப்போக்கு, பதற்றம், கடும் காய்ச்சல் ஆகியவை தோன்றும். வலிக்குத் தரப்படும் டிரமடாலும், வறட்டு இருமலுக்கான சில சிரப்புகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெதார்ஃபனும் இவ்வாறு சேரக்கூடியவை.

காசநோய் இங்கே மீண்டும் குறுக்கிடுகிறது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட், இப்ரோனியாசிட் தடுத்த அதே மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கிறது. அதனால் மனச்சோர்வு மாத்திரையோடு அதைச் சேர்ப்பதற்கு முன் இரு துறை மருத்துவர்களும் கலந்து பேச வேண்டும். ஐசோனியாசிடுக்கும் இத்தன்மை வலுக்குறைந்த அளவில் உண்டு. ரிஃபாம்பிசினோ வேறு வழியில் இடையூறு செய்கிறது: கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு, செர்ட்ராலின் உட்படப் பல மருந்துகளை விரைவில் சிதைத்து அவற்றின் பலனைக் குறைக்கிறது. காசநோய் மருத்துவம் முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும், அதுவரை போதாமலிருந்த மனச்சோர்வு மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஏறத் தொடங்கும். காசநோயாளிகளிடையே மனச்சோர்வு பரவலாகக் காணப்படுவதால் இந்தச் சந்திப்பு அரிதாக நிகழ்வதும் இல்லை.

அட்டையின் பின்புறம்

மனச்சோர்வு மாத்திரைகள் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் அடங்குபவை. மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாதவை. ஆயினும் பழைய அட்டையைக் காட்டி மாதந்தோறும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் நிலவுகிறது. அந்த அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், விற்பனைப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். இந்தியாவில் பரவலாக எழுதப்படும் ஓர் அட்டையில் எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராமும் குளோனசெபாம் 0.5 மில்லிகிராமும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும்.

இந்த இரண்டும் வெவ்வேறு தன்மையுடையவை. எஸ்சிடலோபிராம் மெல்லப் பலன் தருவது. போதைப்பொருளைப் போல் ஏக்கத்தை உண்டாக்காதது. குளோனசெபாம் முதல் நாளிலேயே படபடப்பைத் தணித்து உறக்கம் தருவது. ஆனால் சில வாரங்கள் தொடர்ந்தால் உடல் அதற்குப் பழகிவிடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சை மந்தப்படுத்தும். முதியவர்களைத் தடுக்கி விழச் செய்யும். நெடுநாள் உண்டபின் திடீரென நிறுத்தினால் வலிப்பைக்கூட வரவழைக்கும். கூட்டு மாத்திரையைத் தூக்க மாத்திரை என்று எண்ணி, உறக்கம் வராத நாளில் மட்டும் உட்கொள்பவருக்கு எஸ்சிடலோபிராமின் பலன் கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உண்பவருக்குக் குளோனசெபாமின் பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே அட்டையில் எத்தனை மருந்துகள் உள்ளன, எது எத்தனை வாரங்களுக்கு, எதை முதலில் நிறுத்துவது என்ற கேள்விகளைச் சீட்டு எழுதும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

தொடர்தலும் நிறுத்தலும்

முதன்முறை மனச்சோர்வு வந்தவர், முழு நலம் பெற்ற பின்னும் குறைந்தது ஆறு மாதங்கள் அதே அளவைத் தொடர வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி; நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படலாம். ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதானால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. ஊருக்குச் செல்லும் வடமாநிலத் தொழிலாளர்களும், பேறுகாலத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண்களும் போதிய மாத்திரைகளையும், பொதுப்பெயரில் எழுதிய சீட்டையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். பயணத்தின் நடுவே மருந்து தீர்ந்து திடீரென நின்றுபோகும் நிலையை இதனால் தவிர்க்கலாம்.

திடீரென நிறுத்தும்போது தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், கலங்கிய கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு ஆகியவை சில நாட்களுக்குள் தோன்றக்கூடும். நிறுத்துபவர்களில் ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு பேரில் ஒருவருக்கு மருந்து நின்றதாலேயே இத்தகைய அறிகுறிகள் வருகின்றன என்றும், சுமார் 35 பேரில் ஒருவருக்கு அவை கடுமையாகின்றன என்றும் 2024இல் லான்செட் மனநல மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு கணித்தது. பராக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் இது மிகுதி. உடலில் வாரக்கணக்கில் தங்கும் ஃபுளுவாக்செட்டினில் குறைவு. இவ்வறிகுறிகளைப் பழைய நோயே திரும்பிவிட்டதாக எண்ணி அஞ்சுவோரும், மாத்திரைக்கு அடிமையாகிவிட்டதாக எண்ணி வருந்துவோரும் உண்டு. மருந்தின் இருப்புக்குப் பழகிய நரம்பணுக்கள் அது இல்லாத நிலைக்குத் திரும்பச் சிறிது காலம் கேட்கின்றன என்பதே இதற்கு விளக்கம்.

அளவைக் குறைக்கும் விதத்துக்கும் அறிவியல் அடிப்படை உண்டு. சிடலோபிராம் 20 மில்லிகிராம் அளவிலேயே செரட்டோனினை உள்ளிழுக்கும் புரதங்களில் சுமார் 80 விழுக்காட்டை அடைத்துவிடுகிறது; அளவை 40 ஆக இரட்டித்தாலும் அது ஐந்தாறு விழுக்காடே கூடுகிறது. ஆகவே 40இலிருந்து 20க்கு இறங்குவதைவிட, சிறு அளவிலிருந்து ஒன்றுமில்லாத நிலைக்கு இறங்குவதே மூளைக்குப் பெரிய மாற்றம். 2019இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகியோர் இதனைச் சுட்டிக்காட்டி, இறுதிக் கட்டத்தில் இன்னும் சிறிய அளவுகளில், இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று வலியுறுத்தினர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொள்வது, உடலில் மருந்தின் அளவை ஏற்றி இறக்குமே தவிரச் சீராகக் குறைக்காது. அரை மாத்திரை, கால் மாத்திரை என்று குறைப்பதையும் மருத்துவர் வகுத்த கால அட்டவணைப்படியே செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் உரிய கடமை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் செலவில் மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை பயன்பட வேண்டுமானால் சிறிய கடமைகள் சில நிறைவேற வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துகளையும், வலிக்கு வாங்கியவற்றையும் ஒரே பையில் போட்டு, எந்த மருத்துவரிடம் சென்றாலும் மேசைமேல் எடுத்து வைப்பது நோயாளியின் கடமை. சீட்டில் ஒரு வரி கூட்டுவதற்கு முன் அந்தப் பையைப் பார்ப்பது மருத்துவரின் கடமை. சீட்டில்லாத கைக்கு மாத்திரையைக் கொடுக்காமலிருப்பதும், சீட்டோடு வருபவரிடம் வேறென்ன மருந்துகள் உண்கிறீர்கள் என்று கேட்பதும் மருந்தாளுநரின் கடமை. மருந்து உண்பவரை இழிவாகப் பேசாமலும், நலமாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று தூண்டாமலும் இருப்பது உற்றாரின் கடமை. மனச்சோர்வு குணப்படுத்தத்தக்க நோய். அதற்கான மாத்திரை, தொடங்குவதும் தொடர்வதும் நிறுத்துவதும் மருத்துவரின் பார்வையில் நடக்கும் வரை, பெரும்பாலோர்க்குப் பாதுகாப்பானது. அதை நாமாகத் தொடங்கவும் வேண்டாம். நாமாக நிறுத்தவும் வேண்டாம்.